நடுவானில் கரண்ட் போனால்?
வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களின் தீராத தலைவலி

அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை ஆயிரக்கணக்கில் தயாரான பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பொதுவாக பேட்டரி கிடையாது. ஸ்டார்ட்டர் கிடையாது, விளக்கு கிடையாது, ரேடியோவும் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுண்டிவிடுவார், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோவே உண்டாக்கிக்கொள்ளும். எஞ்சின் ஓடுகிறவரை அதுவும் ஓடும். அந்த விமானத்தில் உட்கார்ந்து ‘கரண்ட் போச்சு’ என்று யாரும் பதறியிருக்க முடியாது. போவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அதே அளவு விமானத்தை இன்று ஒருவர் தன் வீட்டு கேரேஜில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி முன்னால் பத்து அங்குலத் திரை இரண்டு. ஜிபிஎஸ், ஆட்டோபைலட், டிரான்ஸ்பாண்டர், இரண்டு ரேடியோ. இறக்கை நுனியில் மின்னும் விளக்குகள், எரிபொருளுக்கு எலெக்ட்ரிக் பம்ப். குளிர் நாடென்றால் இருக்கைக்கு அடியில் ஹீட்டர், பிள்ளைகளின் போனுக்கு யுஎஸ்பி. இது போதாதென்று அமெரிக்க விதி ஒன்றும் சேர்ந்துகொண்டது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பில் பறக்க வேண்டுமானால், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி 2020 ஜனவரி முதல் கட்டாயம். இத்தனைக்கும் எஞ்சினில் தொங்கும் ஒரு சின்ன டைனமோவும் (ஆல்டர்னேட்டர்), ஏழு கிலோகூட இல்லாத ஒரு பேட்டரியும்தான் படியளக்கின்றன.

இது நாலைந்து பேரின் பொழுதுபோக்கு அல்ல. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்காக பால் போபெரெஸ்னி 1953-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’, ஒவ்வொரு ஜூலையும் ஆஷ்காஷ் நகரில் திருவிழா நடத்துகிறது. அந்த ஒரு வாரத்தில் அந்தப் பகுதிக்கு வந்திறங்கும் விமானங்கள் சுமார் பத்தாயிரம். ஆரிகனில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய நிறுவனத்தின் ‘ஆர்வி’ வகை விமானங்கள் மட்டும் 11,000-க்கு மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. வேலையில் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ‘51 சதவீத விதி’ என்று சொல்வார்கள். உலோகத் தகட்டை வெட்டுவதும் ரிவெட் அடிப்பதும் ஃபைபர்கிளாஸ் பூசுவதும் அதில் அடக்கம். வயரிங்கும்தான்.

தொல்லை தொடங்குவது வயரிங்கில். அது கடைசிக் கட்ட வேலை. கட்டுகிறவர் அதற்குள் வருடக்கணக்கில் உழைத்திருப்பார். கையிருப்பு கரைந்திருக்கும், வீட்டில் பொறுமையும் கரைந்திருக்கும். எப்படியாவது பறந்தால் போதும் என்ற அவசரத்தில் கம்பிகள் இழுக்கப்படுகின்றன. ஆறு மாதம் கழித்து பேட்டரி இறங்குகிறது, ஹெட்போனில் ‘ஙொய்’ என்று இரைச்சல் கேட்கிறது, ரெகுலேட்டர் கருகுகிறது. உடனே பெரும்பாலோர் எடுக்கும் முடிவு, பெரிய ஆல்டர்னேட்டராக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்பது. என்னைக் கேட்டால், அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பல விமானங்களில் செய்யவே வேண்டாத வேலை.

முதலில் ஒரு காகிதமும் பென்சிலும்

ஆல்டர்னேட்டரை மோட்டார் என்றும் பேட்டரியை மேல்நிலைத் தொட்டி என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. மோட்டார் ஏற்றுவதைவிடக் குழாய்கள் அதிகம் இழுத்தால் தொட்டி காலியாகும். ஆனால் எந்தக் குழாய் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பார்த்திருப்பவர்கள் குறைவு.

பழைய 100 வாட் ஹாலஜன் லேண்டிங் லைட் ஒன்று மட்டும் ஏழு ஆம்பியர் கேட்கும். காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் பனி உறையாமல் சூடாக்குவதற்கு எட்டு முதல் பத்து ஆம்பியர். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர். பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் அதுவே பல மடங்காகிறது. அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேடு ஒன்று, தொடர்ச்சியான மொத்தச் சுமை ஜெனரேட்டரின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 18 ஆம்பியர் தரும் எஞ்சினென்றால் 14 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி, பேட்டரியை மீண்டும் நிரப்புவதற்கு.

இந்தக் கணக்கைப் போட்டதும் முதல் மருந்து தானாகக் கண்ணில் படும். ஹாலஜனைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவது. அதே வெளிச்சம், பாதிக்கும் குறைந்த கரண்ட். இருக்கை ஹீட்டரும் பிட்டோ ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடாதபடி பழகிக்கொள்வது இரண்டாவது மருந்து. அதற்குக் காசே இல்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைத் தின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 200 ஆம்பியர் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது மூன்று விநாடிதான். அவ்வளவையும் 10 ஆம்பியர் சார்ஜில் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பேட்டரியைத் தின்பது ஸ்டார்ட்டர் அல்ல. எஞ்சினை ஐடிலில் விட்டுவிட்டு, எல்லா விளக்கையும் எல்லாத் திரையையும் போட்டுக்கொண்டு, ஓடுபாதை வரிசையில் காத்திருக்கும் இருபது நிமிடம் தின்கிறது. அந்த வேகத்தில் டைனமோ தருவது பெயருக்குத்தான்.

உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி

இலகுரக விமானம் கட்டுகிறவர்களிடையே மிகப் பரவலான எஞ்சின்களில் ஒன்று, ஆஸ்திரியாவின் கன்ஸ்கிர்கெனில் தயாராகும் ரோட்டாக்ஸ் 912. அதில் ஆல்டர்னேட்டர் என்று தனியாக எதுவும் கண்ணில் படாது. எஞ்சினின் பின்புறம், சுழலும் சக்கரத்தின் உட்பக்கம் நிரந்தரக் காந்தங்கள். அவற்றுக்கு நடுவே அசையாத காயில்கள். பெல்ட் இல்லை, பிரஷ் இல்லை, தேய்வதற்கு எதுவுமில்லை. முழு வேகமான நிமிடத்துக்கு 5,800 சுற்றில் சுமார் 250 வாட் தரும். மோட்டார் சைக்கிள்களில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். ரோட்டாக்ஸோடு வரும் ரெகுலேட்டரைச் செய்துகொடுப்பதும் மோட்டார் சைக்கிள் உலகம் அறிந்த பெயர்தான்: டுகாட்டி.

நிரந்தரக் காந்தத்தின் நன்மையும் தீமையும் ஒன்றே. அதை அணைக்க முடியாது. எஞ்சின் சுற்றினால் காயிலில் மின்சாரம் வந்தே தீரும், வேகத்தோடு வோல்ட்டேஜும் ஏறிக்கொண்டே போகும். அதை நேர்மின்சாரமாக்கி, 14 வோல்ட்டுக்குள் கட்டிப்போடுவது உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி ஒன்று. அதுதான் ரெகுலேட்டர். முழுச் சுமையில் அதற்குள்ளேயே முப்பது வாட்டுக்குக் குறையாமல் வெப்பமாகிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு மூடியது போலத்தான். அந்தப் பெட்டியைப் பெரும்பாலோர் எங்கே பொருத்துகிறார்கள்? எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில், புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில். அங்கேதான் வயர் நீளம் குறைவு! பிறகு ரெகுலேட்டர் கருகினால் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

பெட்டியின் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ரோட்டாக்ஸ் வகுத்த வரம்பு. சூடு பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியில் ஒட்டி ஒருமுறை பறந்துவந்தால் உண்மை தெரிந்துவிடும். வெளிக்காற்றை நேரே பெட்டியின் மேல் பாய்ச்ச ஒரு அங்குலக் குழாய் போதும். பெட்டிக்கும் அது உட்காரும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசை தடவ வேண்டும். இந்த இரண்டும் ரெகுலேட்டரின் ஆயுளுக்குச் செய்வதைப் புதிய ரெகுலேட்டர்கூடச் செய்யாது.

அந்தப் பெட்டியில் ‘சி’ என்று குறித்த முனை ஒன்று உண்டு. பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று ரெகுலேட்டர் எட்டிப் பார்க்கும் ஜன்னல் அது. இந்த வயரைப் பழைய ஸ்விட்ச் ஒன்றின் வழியாகவும் இரண்டு மூன்று இணைப்புகள் வழியாகவும் கொண்டுவந்திருந்தால், வழியில் அரை வோல்ட் தொலைந்துவிடும். ரெகுலேட்டர் அந்த அரை வோல்ட்டைக் குறையென்று எண்ணி அதிகமாக ஊட்டும். பேட்டரி கொதிக்கும். ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு ஸ்விட்சில் போய் முடிகிற கதை இப்படித்தான் உருவாகிறது.

இதே எஞ்சினின் கம்ப்யூட்டர் பொருத்திய வகை 912 ஐஎஸ். அதில் மேக்னெட்டோவும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும். அதனால் இரண்டு ஜெனரேட்டர்களை உள்ளேயே வைத்துவிட்டார்கள். சின்னது எஞ்சினுக்கு மட்டும், பெரியது விமானத்துக்கு. சின்னது செத்தால் பெரியது விமானத்தைக் கைவிட்டு எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும்; ரேடியோவும் விளக்கும் பேட்டரியை நம்பிப் பிழைக்க வேண்டியதுதான். பற்றாக்குறை வந்தால் முதல் பந்தி யாருக்கு என்பதை வடிவமைப்பிலேயே எழுதிவைத்த அழகான ஏற்பாடு. இந்த எஞ்சின் நமக்கும் அந்நியமில்லை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி, 2022 தொடக்கத்தில் கடல்மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்குப் பறந்துவந்த ஹன்ஸா என்ஜி பயிற்சி விமானத்தில் இருப்பது இதே 912 ஐஎஸ் குடும்பம்தான்.

கார் ஆல்டர்னேட்டர் என்னும் ஆசை

ஆர்வி போன்ற கொஞ்சம் பெரிய விமானங்களில் லைகமிங் எஞ்சின். அதில் முன்பக்கம் பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவார்கள். விமானத்துக்கென்று சான்றிதழோடு வருவதைவிட, காருக்குச் செய்த ஜப்பானிய ஆல்டர்னேட்டர் எடையிலும் குறைவு, விலையிலும் குறைவு. சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அதைப் போடச் சட்டத் தடையும் இல்லை. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, இரண்டு விஷயத்தைத் தவிர.

ஒன்று, வேகம். எஞ்சின் பக்கத்துப் பெல்ட் சக்கரம் பெரியது, ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சக்கரம் சின்னது. எஞ்சின் 2,700 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 10,000 சுற்றை நெருங்கும். கார் அந்த வேகத்தை எப்போதாவது தொடும். விமானம் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். பேரிங் பாழாகும். கொஞ்சம் பெரிய சக்கரம் போட்டு வேகத்தைத் தணிப்பதே பரிகாரம்.

இரண்டாவதுதான் உண்மையான ஆபத்து. கார் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. அது பழுதாகி முழு வேகத்தில் உற்பத்தி தொடங்கிவிட்டால், சில வகைகளை வெளியிலிருந்து நிறுத்த வழியே இல்லை. வோல்ட்டேஜ் 16, 18, 20 என்று ஏறும். பேட்டரி கொஞ்ச நேரம் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கும். அதன் பிறகு ஒவ்வொரு திரையாக விடைபெறும்.

இந்தச் சிக்கலுக்குப் பரவலாகப் பழகிவிட்ட தீர்வு ‘குரோபார்’ எனப்படும் சுற்று. கான்சாஸ் மாநிலத்து மின்பொறியாளர் பாப் நக்கல்ஸ் தன் ‘ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன்’ நூல் வழியாக இதை வீட்டு விமானக்காரர்களிடையே பரப்பினார். ரெகுலேட்டரை வெளியே மாற்றியமைத்தால், ஆல்டர்னேட்டரின் ஃபீல்ட் காயிலுக்குப் போகும் மெல்லிய கரண்ட் 5 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றின் வழியாகத்தான் போகும். வோல்ட்டேஜ் 16-ஐத் தாண்டியதும் ஒரு தைரிஸ்டர் அந்த வழியை வேண்டுமென்றே எர்த்தோடு ஷார்ட் செய்துவிடும். பிரேக்கர் ‘டப்’பென்று துள்ளும். ஃபீல்ட் போனால் காந்தமில்லை, காந்தமில்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் வெறும் சக்கரம். மென்மையாக அணைப்பதற்குப் பதில் ஷார்ட் அடிப்பதா என்று மூக்கைச் சுளிக்கிற பொறியாளர்கள் உண்டு. எனக்கு அதன் முரட்டுத்தனம் பிடிக்கும். இருப்பதோ சில உதிரிப் பாகங்கள். யோசிப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

அரை வோல்ட் எங்கே போனது?

ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியில் அளந்தால் 13.6. நடுவில் 0.6 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். 30 ஆம்பியர் ஓடும்போது இதற்கு ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடை போதும். சரியாகக் கிரிம்ப் ஆகாத ஒரு லக், பெயிண்ட்டைச் சுரண்டாமல் முடுக்கிய ஒரு எர்த் போல்ட், அவ்வளவுதான். அந்த இடத்தில் 18 வாட் வீணே வெப்பமாகிறது. பேட்டரியோ ஒருநாளும் முழு வயிறு சாப்பிடுவதில்லை. 40 ஆம்பியரைக் கழற்றி 60 ஆம்பியர் போட்டாலும் அது பசித்தபடியேதான் இருக்கும். கெட்ட இணைப்பு மட்டும் இன்னும் அதிகமாகச் சுடும்.

அலுமினிய உடல் விமானத்தில் எர்த்துக்கு உடலையே பயன்படுத்தலாம். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி போன்ற ஃபைபர்கிளாஸ் விமானங்களில் அதுவும் முடியாது. எஞ்சின் வால்பக்கம், பேட்டரி மூக்கில். போவதற்கும் திரும்புவதற்குமாக இரண்டு தடித்த கேபிள்கள் விமானத்தின் நீளம் முழுக்க ஓட வேண்டும். இவ்வகை விமானங்களில் முதலில் வந்த வேரிஈஸியில் ரூட்டன் ஸ்டார்ட்டரையே தவிர்த்தார். நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றிவிட்டு, பின்னால் போய்ப் புரொப்பெல்லரைக் கையால் சுண்டிவிட வேண்டும். கிராம் கிராமாக எடையை எண்ணுகிறவரின் பிடிவாதம் அது. மின்சாமான் எதையும் விமானத்தில் ஏற்றுமுன் அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

எடை என்றதும் லித்தியம் நினைவுக்கு வரும். ஏழு கிலோ ஈய பேட்டரியின் வேலையை இரண்டு கிலோவில் செய்யும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இன்று பலருடைய முதல் தேர்வு. ஸ்டார்ட்டரை அது சுழற்றும் வேகமே தனி. ஆனால் அதன் உள்தடை மிகக் குறைவு. ஸ்டார்ட் ஆனதும் சார்ஜ் கரண்ட்டை வெறிகொண்டு இழுக்கும். 18 ஆம்பியர் ரெகுலேட்டருக்கு அது திணறல். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முழுமையாக சார்ஜ் ஆன ஈய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். அதனால் 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று வைத்தால், ஆல்டர்னேட்டர் நின்ற சற்று நேரத்தில் அது எரிந்துவிடும். இந்த விளக்கைவிட உருப்படியான கருவி எதுவும் பேனலில் இல்லை என்பேன். லித்தியமோ சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். விளக்கின் எல்லையை உயர்த்தாமல் பேட்டரியை மட்டும் மாற்றியவருக்கு, அந்த எச்சரிக்கை சரக்கில் பெரும்பகுதி தீர்ந்த பிறகுதான் வரும்.

ஈய பேட்டரிக்கு வேறு நோய். வெயில். ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் அதற்கு ஊட்ட வேண்டிய வோல்ட்டேஜ் சுமார் ஐம்பதில் ஒரு வோல்ட் குறைகிறது. 25 டிகிரியில் 14.4 சரியென்றால், எஞ்சின் அறையின் 55 டிகிரியில் 13.8 போதும். பேட்டரியைச் சூட்டிலிருந்து தள்ளிவைப்பது, அல்லது அதன் மேலேயே வெப்ப உணரி ஒட்டிய ரெகுலேட்டரைப் போடுவது. இரண்டில் ஒன்று.

அந்த அரை மணி நேரம்

1983 அக்டோபர் 11 இரவு. இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பண்டேலுக்குப் புறப்பட்டது ஏர் இலினாய் நிறுவனத்தின் 710-ஆம் எண் விமானம். ஹாக்கர் சிட்லி 748, இரட்டை எஞ்சின். மேலெழும்பிய சற்று நேரத்தில் இடது ஜெனரேட்டர் போய்விட்டது. துணை விமானி அவசரத்தில் நன்றாக இருந்த வலது ஜெனரேட்டரைத் துண்டித்துவிட்டார். பிறகு அது திரும்பி வரவே இல்லை. புறப்பட்ட விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கேப்டன் திரும்பவில்லை. மேகத்துக்கும் மழைக்கும் நடுவே, பேட்டரியை நம்பி மேலே போனார். சுமார் அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. பிங்க்னிவில் அருகே விமானம் விழுந்தது. பத்துப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அது பயணிகள் விமானம், வீட்டில் கட்டியதல்ல. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் வீட்டு விமானக்காரர் ஒவ்வொருவரும் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் என்றாவது ஒருநாள் நிற்கும். நின்ற பிறகு எவ்வளவு நேரம், எதெது ஓட வேண்டும்?

இங்கே பணத்தைக் கொட்டுவதைவிட வயரிங் படத்தை மாற்றுவது மேல். ‘எண்டியூரன்ஸ் பஸ்’ என்றொரு தனிக் கிளையைப் பிரித்து, பத்திரமாகத் தரையிறங்கத் தேவையானதை மட்டும் அதில் வைப்பார்கள்: ஒரு திரை, ஒரு ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், பேனல் விளக்கு. வழக்கமான நேரத்தில் அதற்கு மெயின் பஸ்ஸிலிருந்து ஒரு டையோடு வழியாகக் கரண்ட் வரும். ஆல்டர்னேட்டர் நின்றால், பேட்டரியிலிருந்து அதற்கு நேரே வரும் மாற்றுவழியின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாஸ்டர் ஸ்விட்சை அணைத்துவிடலாம். மாஸ்டரை அணைப்பதிலும் லாபம் உண்டு. மாஸ்டர் இயக்கும் பேட்டரி கான்டாக்டரின் காயில், தான் மூடியிருப்பதற்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் தின்கிறது. நான்கு ஆம்பியரில் பிழைக்க வேண்டியவனுக்கு ஒரு ஆம்பியர் பெரிய சொத்து.

16 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால், நான்கு ஆம்பியர் சுமைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எல்லாவற்றையும் ஓடவிட்டு 15 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட வராது. அவசரமாகக் கறந்தால் பேட்டரி தன் சரக்கு முழுவதையும் தராது. இதற்கும் மேல் உறுதி வேண்டுவோர், வேக்குவம் பம்ப் இருந்த இடத்தில் எட்டு ஆம்பியர் தரும் குட்டி ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். கான்சாஸின் நியூட்டன் நகரில் செய்கிறார்கள். ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. நான்கு ஆம்பியரில் பிழைக்கப் பழகிய விமானத்துக்கு எட்டு ஆம்பியர் என்றால், பெட்ரோல் தீரும்வரை பறக்கலாம். அறுபது ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இரண்டைச் சுமப்பவரைவிட இவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இத்தனையும் செய்துவிட்டு, சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் கட்டிய விமானத்தில் பெரிய மாற்றம் செய்தால் குறைந்தது ஐந்து மணி நேரமாவது மறுபடியும் சோதனைப் பறப்பு என்பது அமெரிக்காவில் வழக்கமான நிபந்தனை. மின் அமைப்பில் செய்யும் மாற்றத்தைப் ‘பெரிய’ மாற்றமாகக் கருத யாருக்கும் மனம் வருவதில்லை. கருதாவிட்டாலும் போகட்டும். மேகமில்லாத ஒரு பகலில், விமான நிலையத்துக்கு நேர் மேலே, ஆல்டர்னேட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். எண்டியூரன்ஸ் பஸ்ஸுக்கு மாறும்போது திரை கண்சிமிட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா என்றும் பார்க்கலாம். பல திரைகள் அப்படித்தான் செய்யும். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதை வானில் பார்க்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி மேஜையில் வைத்து, நான்கு ஆம்பியர் சுமையை மாட்டி, 11 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். அந்த நிமிடக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். போன வருடத்துச் சீட்டைவிட எண் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், ஸ்டார்ட்டரை எவ்வளவு ஜோராகச் சுழற்றினாலும் சரி, அந்த பேட்டரி புல் வெட்டும் இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும்.